சனிக்கிழமைக் கூட்டத்தின் நாக்கு

சனிக்கிழமைக் கூட்டம் என்று அவர்கள் தங்களுக்குத் தாங்களே பெயர் வைத்துக்கொண்டிருந்தார்கள். நாலே நாலு பேர். நாலு பேருக்குக் கூட்டம் என்ற சொல் பெரிதுதான். ஆனால் அவர்களிடம் எல்லாச் சொல்லுமே ஒரு சுற்றுப் பெரிதாகத்தான் இருக்கும். சாப்பிடப் போவதை அவர்கள் அப்படிச் சொன்னதில்லை, 'ஓர் அனுபவத்துக்குப் போகிறோம்' என்பார்கள். படம் பார்த்துவிட்டு வந்தால் 'படத்தோடு கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்தோம்' என்பார்கள், ஏதோ ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணை இருந்தவர்களைப் போல.

மாதம் ஒரு சனிக்கிழமை. காலையில் ஓர் ஓவியக் காட்சி, மதியம் ஊரில் புதிதாக முளைத்த ஓர் உணவகம். தலைமை வகிப்பவர் பேராசிரியர். கல்லூரியில் காலமெல்லாம் பொருளாதாரம் நடத்தி, மாணவர்களின் கொட்டாவியைத் தவிர வேறெதையும் விளைவிக்காமல் ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு கலை அவரைப் பிடித்துக்கொண்டது. சாப்பிட்ட இடங்களைப் பற்றி அவர் இணையத்தில் எழுதுவதைப் படித்துவிட்டுத்தான் ஊரில் வசதியுள்ள குடும்பங்கள் எங்கே போய்ச் சாப்பிடுவது என்று முடிவு செய்தன. அதனால் உணவக முதலாளிகள் அவரைக் கண்டால் வாசலுக்கே ஓடி வருவார்கள். இரண்டாமவர் வங்கி மேனேஜர். பேராசிரியர் எது சொன்னாலும் 'கரெக்ட் சார்' போடுவது அவர் பங்கு. வங்கியிலும் அதைச் செய்துதான் மேலே வந்திருப்பார் போலிருக்கிறது. மூன்றாவது, பல் டாக்டரம்மா. நாலாவது ஆளைப் பற்றியதுதான் இந்தக் கதை.

தெருவில் அவளை எல்லோரும் பல்லக்கா என்று கூப்பிடுவார்கள். செயற்கைப் பல் செய்கிறவள். டாக்டரம்மா நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவாள். அந்த அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டு, மேல்வரிசை கீழ்வரிசையில் சரியாக உட்காருகிறதா என்று பார்த்து, ஈறு வார்த்து, தேய்த்து மெருகேற்றித் திருப்பி அனுப்புவாள் பல்லக்கா. பெரியவர் அதைப் போட்டுக்கொண்டு, கண்ணாடியில் சிரித்துப் பார்த்துவிட்டு, டாக்டரம்மாவுக்கு நன்றி சொல்லிவிட்டுப் போவார். பள்ளியில் இருவரும் ஒரே பெஞ்சு. மேலே படிக்க வைக்க ஒருத்தியின் அப்பாவால் முடிந்தது, இன்னொருத்தியின் அப்பாவால் முடியவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' மேல்தான் இந்த உலகம் தன் மாடிகளையெல்லாம் கட்டி வைத்திருக்கிறது.

கூட்டத்தில் முன்பிருந்த நாலாவது ஆள் மகளோடு இருக்க வெளியூர் போய்விட்டார். நாலு பேர் மேஜையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தால் புகைப்படத்தில் அசிங்கமாக விழுகிறது என்று பேராசிரியர் குறைப்பட்டார். டாக்டரம்மாவுக்குப் பழைய தோழியின் நினைவு வந்தது.

"சும்மா வந்து உட்காரு, போதும். எதுவும் பேசணும்னு இல்ல," என்றுதான் அழைத்தாள்.

பல்லக்கா போனாள். போகாமல் என்ன? தம்பி வீட்டில் ஓர் அறை அவளுக்கு. தம்பி அவளிடம் பேசும் வார்த்தைகள் 'சாவி எங்கே', 'கதவைப் பூட்டியாச்சா' என்பதற்கு மேல் போகாது. தம்பி மனைவி நல்லவள், ஆனால் அவள் பேசுவது எல்லாம் போனோடு. நாள் முழுவதும் பட்டறையில் பிறர் பற்களோடு இருப்பவளுக்கு, வாயும் கண்ணும் சேர்ந்திருக்கிற முழு மனிதர்களோடு உட்காரக் கிடைத்தது அந்த ஒரு சனிக்கிழமைதான். ஒரே நல்ல உடுப்பை முந்தின நாளே தேய்த்து மாட்டி வைப்பாள்.

முதல் வருடம் மேஜையின் ஓரத்தில், தட்டுகள் வரும் வழியில் அவளுக்கு இடம். அப்போது அவளுக்கு நல்ல நாக்கு இருந்தது. ஒரு தடவை, கேட்காமலே, "உப்பு கம்மி" என்று சொல்லிவிட்டாள். உண்மையிலேயே உப்பு கம்மி. பேராசிரியர் மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"உப்பைப் பத்திப் பேசறது சமையல்கட்டுல இருக்கறவங்க வேலைம்மா. நாம அதுக்கு மேல என்ன இருக்குன்னு பார்க்கணும்."

"கரெக்ட் சார்," என்றார் மேனேஜர், உப்பு ஜாடியை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே.

டாக்டரம்மா மேஜைக்கு அடியில் அவள் காலை மிதித்தாள். பல்லக்கா அதற்கப்புறம் வாயைத் திறக்கவில்லை.

பிறகு ஒரு காய்ச்சல் வந்தது. வந்தது போய்விட்டது, போகும்போது அவள் மூக்கையும் எடுத்துக்கொண்டு போனது. பட்டறையில்தான் தெரிந்தது. ஈறு வார்க்கிற பொடியோடு கலக்கும் திரவம் ஒன்று இருக்கிறது. அந்தப் பாட்டிலைத் திறந்தால் புதிதாக வருகிறவர்கள் வாசலுக்கு ஓடுவார்கள். அன்று திறந்தாள். கண் எரிந்தது. வாசனை மட்டும் இல்லை. மூடிவிட்டு மறுபடி திறந்தாள். இல்லை. காபி போட்டுக் குடித்தாள், கசப்பான வெந்நீராக இறங்கியது. ஆரஞ்சுப் பழம் ஈரமான பஞ்சு. டாக்டர் பார்த்துவிட்டு, "திரும்ப வந்தாலும் வரும், வராம இருந்தாலும் இருக்கும்," என்றார். அதைச் சொல்ல டாக்டர் எதற்கு?

வரவில்லை. அவள் யாரிடமும் சொல்லவும் இல்லை. சுவையே தெரியாதவளைச் சாப்பிட யார் கூட்டிக்கொண்டு போவார்கள்? நாற்காலி போய்விடும். அப்புறம் மாதம் முழுவதும் பல்தான்.

குணமானபின் போன முதல் சனிக்கிழமை. சாப்பிட்டு முடித்ததும் ஆளுக்கு ஒரு வரி சொல்ல வேண்டும், அது பேராசிரியர் போட்ட சட்டம். அன்றைக்கென்று ஏதோ நல்ல மனநிலையில் இருந்தவர், "நீங்களும் சொல்லுங்களேன்," என்று அவள் பக்கம் திரும்பினார். முன்னால் தெளிவான ஒரு சூப் இருந்தது. அவளுக்கு அது சூடு, அவ்வளவுதான். திருதிருவென்று விழித்தாள். அன்று காலை ஒரு வெள்ளைப் படத்துக்கு முன்னால் பேராசிரியர் கையைக் கட்டிக்கொண்டு சொன்னது எங்கிருந்தோ வாய்க்கு வந்தது.

"வெறுமைக்கும் ஒரு எடை இருக்கு," என்றாள்.

பேராசிரியர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"அடடா," என்றார். "அடடா! மறுபடி சொல்லுங்க."

மறுபடி சொன்னாள். மேனேஜர் கரெக்ட் என்றார். டாக்டரம்மா, தன் வளர்ப்பு நாய் பேசியதுபோல் அவளைப் பார்த்தாள். அது தன்னுடைய வாக்கியம் என்பது பேராசிரியருக்கு உறைக்கவே இல்லை. அறிவாளிக்குத் தன் சொல் அடுத்தவர் வாயிலிருந்து வந்தால் அது ஞானமாகத்தான் கேட்கும்.

அன்றோடு பல்லக்காவுக்கு வழி பிடிபட்டுவிட்டது. காலையில் படங்களைப் பார்க்க மாட்டாள், இவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டே பின்னால் நடப்பாள். மதியம் அதையே சாப்பாட்டின் மேல் ஊற்றித் திருப்பிக் கொடுப்பாள். துருப்பிடித்த இரும்புத் தகடுகளைப் பற்றி 'இது காலத்தின் தோல்' என்று சொல்லப்பட்டது. மதியம் சுட்ட ரொட்டியின் மேற்பரப்புக்கு அது பொருந்தியது. 'கோபத்தை அடக்கின சிவப்பு' தக்காளிக்குப் போனது. ஒரு மாதம் படக்காட்சி முடிந்தபின் வேண்டுமென்றே 'சட்டத்துக்குள் அடங்காத நிலம்' என்பதை அவித்த உருளைக்கிழங்குக்குச் சொல்லிப் பார்த்தாள். பேராசிரியர் கண்ணை மூடித் தலையாட்டினார்.

உருளைக்கிழங்குக்கு! அன்றிரவு போர்வைக்குள் அவள் வாய்விட்டுச் சிரித்தாள். இந்த மனிதர்களின் முன்னாலா காலை ஒடுக்கிக்கொண்டு ஒரு வருடம் உட்கார்ந்திருந்தோம்? நாக்கு இருந்தபோது உதைத்தார்கள். செத்தபின் அதையே தூக்கித் தோளில் வைத்துக்கொள்கிறார்கள். அவர்கள் மேல் இருந்த மரியாதை ஒவ்வொரு மாதமும் ஒரு தட்டாகக் காலியானது. ஆனால் ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும்: மரியாதை போனதே தவிர, ஆசை போகவில்லை. அவர்களை எவ்வளவு கேவலமாக நினைத்தாளோ அவ்வளவு ஆவலாக அடுத்த சனிக்கிழமைக்குக் காத்திருந்தாள்.

அவளுக்கு 'நாக்கு' என்று பெயரானது. 'நாக்கு வந்தாச்சா', 'நாக்கு என்ன சொல்லுது' என்றார்கள். நாற்காலி ஓரத்திலிருந்து மேஜையின் தலைப்பக்கத்துக்கு நகர்ந்தது. கடைசியில் புதுச் சட்டமும் வந்தது: நாக்கு முதல் வாய் எடுத்து வைத்துச் சொல்லும்வரை வேறு யாரும் எதுவும் சொல்லக்கூடாது. இப்படித்தான் எல்லாப் பீடங்களும் உண்டாகின்றன. முதலில் ஒரு நாற்காலியைக் கொஞ்சம் உயரத்தில் போடுவார்கள். பிறகு அதில் உட்கார்ந்திருப்பவர் பேசும்வரை சொந்தக் கண்ணையும் காதையும் மூக்கையும் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள்.

அந்தச் சனிக்கிழமை பார்த்த படங்கள், ஓவியர் ஈரமான நிலவறையில் போட்டுப் பூஞ்சை பிடிக்க வைத்தவை. பச்சையும் கறுப்புமாகப் புள்ளிகள். டாக்டரம்மா பையிலிருந்து தும்மல் மாத்திரையைத் தேடினாள். பேராசிரியர் ஒவ்வொரு படத்தின் முன்னும் நின்று நின்று, கடைசியில் கையை விரித்தார்.

"அழுகலுக்கு அஞ்சாத கை!" என்றார்.

"கரெக்ட் சார். அஞ்சவே இல்ல."

பல்லக்கா அதை எடுத்து முடிந்துகொண்டாள்.

உணவகம் ஒரு பழைய கிடங்கு. பூச்சு உரித்த செங்கல், குழாய்களிலிருந்து தொங்கும் விளக்குகள், உட்கார்ந்தால் முதுகு கேள்வி கேட்கும் இரும்பு நாற்காலிகள். ஏழை வீட்டுச் சுவர் பணக்காரனுக்கு அலங்காரம். முதலாளி இளைஞர். கறுப்பு ஏப்ரன் கட்டியிருந்தார், அதில் ஒரு கறைகூட இல்லை. சமையலறைக் கதவில் வட்டமாக ஒரு கண்ணாடி. அதன் வழியே, சட்டைக் கையைச் சுருட்டிவிட்ட, அகன்ற தோள்களுடைய ஒரு பெண் முதலாளியிடம் கையை வீசி வீசி ஏதோ சொல்வது தெரிந்தது. முதலாளி தலையை ஆட்டிவிட்டு, முகத்தில் சிரிப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

"இன்னைக்கு உங்களுக்காகவே ஒண்ணு," என்றார். மீன். வெள்ளைச் சாறில் மூழ்கி, மேலே இரண்டு பச்சை இலை.

தட்டுகள் வந்தன. மேனேஜரின் கை தானாகச் சட்டைப் பையில் கைக்குட்டையைத் தேடிப் போய், பாதியில் நின்றது. டாக்டரம்மா, கெட்டுப்போன வாய்களின்மேல் குனியும்போது செய்வதுபோல, மூச்சை வாய்வழி மாற்றிக்கொண்டாள். பேராசிரியரின் மீசை மேலேறி மூக்கைத் தொட்டது. பல்லக்கா எல்லாவற்றையும் பார்த்தாள். பார்த்து, தப்பாகப் புரிந்துகொண்டாள். நாற்றத்துக்கே பேர்போன விலையுயர்ந்த பாலாடைக்கட்டி வந்த ஒரு நாளில் இதே முகங்களைப் பார்த்திருக்கிறாள். ஏதோ உசத்தியான சாமான் போலிருக்கிறது என்று நினைத்தாள்.

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள். ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தாள். மெத்தென்று இருந்தது. வழுக்கிக்கொண்டு இறங்கியது.

"அழுகலுக்கு அஞ்சாத கை," என்றாள்.

பிறகு மூன்று முகங்களிலும் அப்படி ஒரு நிம்மதி.

"அதானே!" என்றார் பேராசிரியர். "நானும் முதல்ல என்னடான்னு பார்த்தேன். வேணும்னேதான் பண்ணியிருக்காங்க! என்ன துணிச்சல்!"

"கரெக்ட் சார். வேணும்னே."

"எனக்கும் அப்படித்தான் தோணிச்சு," என்றாள் டாக்டரம்மா, மூக்கடைத்த குரல் வெளியே தெரியாமல்.

சாப்பிட்டார்கள். நாற்றமடிக்கிறது என்று மூன்று மூக்குகள் தங்கள் சொந்தக்காரர்களிடம் கூவிச் சொல்லிக்கொண்டிருக்க, சாப்பிட்டார்கள். ரொட்டியால் தட்டைத் துடைத்தார்கள். பேராசிரியர் இன்னொரு தட்டு கேட்டார். கதவின் வட்டக் கண்ணாடியில் அந்தச் சமையல்காரியின் முகம் ஒட்டிக்கொண்டு நின்றது. பைத்தியங்களைப் பார்க்கிற முகம்.

மாலைக்குள் நாலு வயிறும் தங்கள் விமர்சனத்தைச் சொல்லிவிட்டன. ஆஸ்பத்திரியில் வரிசையாக நாலு கட்டில், நாலு பாட்டில். தலைப்பக்கம் யார் என்ற கேள்வி அங்கே எழவில்லை. கொஞ்சம் எழுந்து உட்கார முடிந்ததும் பேராசிரியர் போனை எடுத்து எழுதினார்: எந்த வாடையும் இல்லாமல், ஊரின் மிக நுட்பமான நான்கு மூக்குகளை ஏமாற்றிய நச்சுத் தட்டு. அப்படித்தானே எழுத முடியும்? நாற்றமடித்தது, ஆனாலும் தின்றோம் என்றா எழுதுவார்?

அந்த ஒரு வரியை முதலாளி இறுகப் பிடித்துக்கொண்டார். சுகாதார அதிகாரியிடம் அவர் சொன்னது இது: மீன் வாங்குவதும் குளிர் அறையில் வைப்பதும் நான். மீன் கெட்டிருந்தால் நாறியிருக்கும், அப்போது குற்றம் என்னுடையது. ஆனால் அவ்வளவு பெரிய மூக்குகளே வாடை இல்லை என்கின்றன. ஆகவே மீன் நல்ல மீன். கெடுதல் சமைத்த கையிலிருந்து வந்தது. கை கழுவாத சமையல்காரியை அன்றே அனுப்பிவிட்டேன்.

சமையல்காரி பட்டறைக்கே வந்தாள். பல்லக்கா அப்போது ஒரு கீழ்வரிசையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்கதானா அந்த நாக்கு?"

பல்லக்கா இயந்திரத்தை நிறுத்தினாள்.

"பாக்கணும்னுதான் வந்தேன். எப்படித்தான் இருக்கும் அந்த மூக்குன்னு. நான் அந்தாள்கிட்ட தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். குப்பையில கொட்டுங்க, நாறுதுன்னு. சாறை ஊத்து, தெரியாதுங்கறான். சரி, அனுப்பட்டும், மோந்து பாத்துட்டு மூஞ்சில விட்டெறிவாங்க, அப்ப புத்தி வரும்னு நினைச்சேன். நீங்க என்னடான்னா தட்டை நக்கித் திருப்பி அனுப்பறீங்க! ரெண்டாவது தட்டு வேற!"

"எனக்கு..."

"இப்ப என் கை அழுக்குன்னு எழுதப் போறாங்க. எழுதிட்டா எந்தச் சமையக்கட்டு என்னை உள்ள விடும்? உங்க சார் ஞாயித்துக்கிழமை வீட்ல அதிகாரியைக் கூப்பிட்டு வாடையே இல்லைன்னு சொல்லப் போறாராம். நீங்களும் சொல்லுவீங்க. சொல்லுங்க. நல்லா இருங்க."

வரிசையாக அடுக்கியிருந்த பல் செட்டுகளை ஒரு பார்வை பார்த்தாள். "எல்லாம் ஒரே மாதிரி இளிக்குது," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் போன சூட்டோடு டாக்டரம்மா போன் செய்தாள். "ஞாயித்துக்கிழமை சார் வீட்டுக்கு வந்துடு. எல்லாரும் ஒரே மாதிரி சொல்லிடலாம், வாடையே இல்லைன்னு. அவ்வளவுதான்."

"உனக்கு வாடை அடிக்கலையா?"

டாக்டரம்மா குரலைத் தாழ்த்தினாள்.

"இங்க பாரு. சாருக்கு ஊர்ல ஒரு பேர் இருக்கு. எனக்கும் இருக்கு. உனக்கு வேலை யார் அனுப்பறான்னு யோசிச்சுக்கோ."

பல்லக்கா யோசித்தாள். அவளுக்குக் கிடைத்த ஒரே மேஜை அது. வாழ்க்கையில் முதல்முறையாக மூன்று பேர் அவள் வாயைப் பார்த்துக்கொண்டு காத்திருந்த இடம். உண்மையைச் சொன்னால் அது போகும், வேலையும் போகும். சொல்லாவிட்டால் கை சுத்தமான ஒருத்தி அழுக்குப் பட்டம் சுமப்பாள், மூக்கைப் பையில் போட்டுக்கொண்டவர்கள் கௌரவமாக உலாவுவார்கள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்பது எளிது. அவளுக்கு இரண்டு நாள் தூக்கமில்லை.

ஆனால் அந்த இரண்டு நாளும் அவள் சும்மா இருக்கவில்லை. சந்தையில் ஒரு மீன் வாங்கி, டிபன் டப்பாவில் போட்டு, தன் அறை ஜன்னலில் வெயிலில் வைத்தாள். பக்குவம் வந்துவிட்டதா என்பது அவளுக்குத் தெரியாதே. பிறர் முகத்தில்தான் படிக்க வேண்டும். மறுநாள் தம்பி மனைவி போனை வைத்துவிட்டு ஓடி வந்தாள்.

"அண்ணி! உங்க ரூம்ல எலி ஏதாவது செத்துக் கிடக்கா?"

அந்த அறையைப் பற்றி அந்த வீட்டில் ஒருவர் அக்கறையாக விசாரித்தது அதுதான் முதல் தடவை. தம்பி அலமாரிகளை நகர்த்தித் தேடினான். இன்னும் ஒரு நாள் போகட்டும் என்று பல்லக்கா முடிவு செய்தாள். ஞாயிற்றுக்கிழமை பேருந்தில் டப்பாவை மடியில் வைத்து உட்கார்ந்தாள். பக்கத்து ஆள் எழுந்தார். முன்னால் இருந்தவர்கள் எழுந்தார்கள். நெரிசலான பேருந்தில் அவளைச் சுற்றி ஒரு சிறிய மைதானம் உண்டானது. சரி, பக்குவம்தான்.

பேராசிரியரின் கூடத்தில் அவள் வாசலை ஒட்டி உட்கார்ந்தாள். டப்பாவை இரண்டு பாலிதீன் பைகளுக்குள் இறுக்கிக் கட்டியிருந்தாள். சுகாதார அதிகாரி மெலிந்த, களைத்த மனிதர். ஞாயிற்றுக்கிழமை வரவழைத்த எரிச்சல் முகத்தில் இருந்தது.

"மீன் வந்தப்ப வாடை ஏதாவது அடிச்சுதா?"

"துளிகூட இல்ல," என்றார் பேராசிரியர். "எங்களைவிட நுட்பமான மூக்கு இந்த ஊர்ல உங்களுக்குக் கிடைக்காது. அதுவும் இவங்க எங்க கூட்டத்தோட நாக்கு. இவங்களே..."

"எனக்கு வாடை தெரியாதுங்க," என்றாள் பல்லக்கா.

பேராசிரியர் சிரித்தார். "தன்னடக்கம்."

"தன்னடக்கம் இல்ல சார். ஒரு காய்ச்சல்ல மூக்கு செத்துப் போச்சு. அதுக்கப்புறம் எதுலயும் எனக்கு ருசி தெரியல. காலையில நீங்க படத்தைப் பத்திச் சொல்றதை மதியம் சாப்பாட்டைப் பத்திச் சொல்லிட்டிருந்தேன்."

"என்ன உளறல் இது? வெறுமைக்கும் ஒரு எடை இருக்குன்னு யார் சொன்னது?"

"நீங்கதான் சார். அந்த வெள்ளைப் படத்துக்கு முன்னால நின்னு."

பேராசிரியரின் வாய் திறந்தது. உள்ளே மேல்வரிசை பல்லக்கா செய்தது.

"இவங்களுக்கு இன்னும் உடம்பு சரியாகல," என்றாள் டாக்டரம்மா அவசரமாக. "மருந்து மயக்கம்."

அதிகாரி பல்லக்காவைப் பார்த்தார். "மூக்கு போச்சுன்னு டாக்டர் சர்ட்டிபிகேட் ஏதாவது இருக்காம்மா?"

"அது இல்லைங்க. இது இருக்கு."

பைகளை அவிழ்த்தாள். டப்பாவை மடியில் வைத்துத் திறந்தாள். அதன்மேல் குனிந்து, மூச்சை நன்றாக உள்ளே இழுத்தாள், பூவை முகர்வதுபோல. அவளுக்கு ஒன்றுமில்லை, வெறும் காற்று. நிமிர்ந்து பார்த்தாள். அதிகாரி கைக்குட்டையோடு சுவரோரம் போயிருந்தார். டாக்டரம்மா வாயையும் மூக்கையும் சேர்த்துப் பொத்திக்கொண்டிருந்தாள். பேராசிரியர் ஜன்னல் கொக்கியோடு போராடிக்கொண்டிருந்தார். மேனேஜர்தான், பாவம், மூலையில் சிக்கிக்கொண்டார்.

"ஐயோ, மூடுங்க!" என்று அலறினார். "அன்னைக்குத் தட்டுல அடிச்ச அதே நாத்தம்!"

பேராசிரியரின் ஆமோதிப்பு இல்லாமல் அந்த மனிதர் வாழ்நாளில் சொன்ன முதல் வாக்கியம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

பல்லக்கா டப்பாவை மூடினாள். அதிகாரி கைக்குட்டைக்குள்ளிருந்து கேட்டார்: "எந்தத் தட்டுல?"

மேனேஜர் பேராசிரியரின் முதுகைப் பார்த்தார். முதுகு உதவவில்லை.

"மீன் தட்டுலதான்," என்றார் சன்னமாக. "வந்தப்பவே அடிச்சுது."

"உங்களுக்கும்மா?"

டாக்டரம்மா ஆமென்று தலையை ஆட்டினாள்.

"சார்?"

பேராசிரியர் ஜன்னலுக்கு வெளியே தலையை வைத்தபடி ஏதோ முனகினார். இல்லை என்று சொல்லவில்லை.

"அப்ப எதுக்குங்க சாப்பிட்டீங்க?"

அந்தக் களைத்த மனிதர் குத்திக் காட்டக் கேட்கவில்லை. அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. படித்தவர்கள் கூடியிருந்த அந்தக் கூடத்தில், புத்தக அலமாரிகள் கூரைவரை நின்றிருந்த அந்த வீட்டில், அதற்குப் பதில் சொல்ல ஆளில்லை. கடைசியில் மேனேஜர்தான் பல்லக்காவைக் காட்டி, "இவங்க நல்லா இருக்குன்னாங்க," என்றார். எத்தனை கொடுமைகளுக்கு இந்த உலகம் கொடுத்திருக்கிற விளக்கம் இது!

குளிர் அறையைப் போய்ப் பார்த்தார்கள். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க இரவில் அணைத்து வைப்பது வழக்கமாம். முதலாளிக்கு அபராதம். கொஞ்ச நாள் மூடியிருந்து, வேறு பெயரில், அதே செங்கல்லோடு திறந்தார். சமையல்காரியின் கை சுத்தமென்று எழுதினார்கள். ஆனால் அவளை யாரும் திரும்பக் கூப்பிடவில்லை. நியாயம் அவ்வளவு தூரம்தான் நடக்கும், அதற்கு மேல் அதற்குக் கால் வலிக்கும்.

டாக்டரம்மாவிடமிருந்து பல் வேலை வருவது நின்றது. பல்லக்கா வேறு டாக்டர்களின் படியேறி வேலை பிடித்தாள். அப்படி இருக்கையில் ஒருநாள் டாக்டரம்மாவே பட்டறை வாசலில் நின்றாள். முகத்தில் பழைய பெஞ்சுச் சிரிப்பு.

"சார் எழுதினதைப் படிச்சியா? அன்னைக்கு நீ பண்ணினது நிகழ்த்துகலையாம், ஆளே நின்னு செஞ்சு காட்டற கலை. இந்த வருஷம் அவர் பார்த்ததிலேயே அதுதான் பெருசாம். ஒரு டப்பா, ஒரு உடம்பு, ஒரு உண்மைன்னு என்னென்னவோ எழுதியிருக்கார். ஊரே பேசுது."

"அது மீன்," என்றாள் பல்லக்கா.

"மீன்தான்டி. ஆனா அதுக்குள்ள..."

"அதுக்குள்ள முள்ளு."

டாக்டரம்மா சிரித்து மழுப்பினாள். "உன் நாற்காலி அப்படியே இருக்கு. தலைப்பக்கம். வாசனை தெரியாதவங்க பார்வை அபூர்வமானதுன்னு சார் சொல்றார். வேலையும் அனுப்பறேன். வா."

ஒரு கணம், ஒரே ஒரு கணம், தேய்த்து மாட்டிய உடுப்பும், வாயையே பார்க்கும் முகங்களும் மனசில் வந்து நின்றன. வந்ததை அவள் மறைக்கவில்லை. இயந்திரத்தின்மேல் வைத்த கை அப்படியே நின்றது. பிறகு அதை ஓட்டினாள்.

"மேனேஜரை உட்கார வை," என்றாள் சத்தத்துக்கு மேல். "அவர் மூக்கு நல்லா வேலை செய்யுது."

சமையல்காரிக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் கேன்டீனில் வேலை கிடைத்திருப்பதாகக் கேள்விப்பட்டு, அடுத்து வந்த சனிக்கிழமை மதியம் பல்லக்கா அங்கே போனாள். செங்கல் உரிக்காத, சுண்ணாம்பு அடித்த சுவர். நர்சுகளும் நோயாளிகளோடு வந்தவர்களும் பேசாமல் வேகவேகமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்ற சமையல்காரி அவளைப் பார்த்தாள். முகம் மலரவில்லை.

"வந்துட்டியா? நன்றி சொல்லுவேன்னு பாத்தியா?"

"இல்ல. பசிக்குது."

"நீ அன்னைக்கே வாடை தெரியலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் இங்க வந்து அண்டா கிளற வேண்டியிருக்காது. தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

சமையல்காரி அண்டாவை ஒரு தடவை கிளறினாள். பிறகு ஒரு தட்டை எடுத்து, சூடாக இரண்டு கரண்டி போட்டு, கம்பிக்கு அடியில் தள்ளினாள்.

"சாப்பிடு," என்றாள். "எப்படி இருக்குன்னு மட்டும் சொல்லிடாதே."